ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு என்ன விலை?

வாசகர் கடிதம்:

"அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். வீடு வில்லிவாக்கத்தில். வீட்டு மாடியில் 3 கிலோவாட், பட்டறைக் கூரையில் 30 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறேன். வீட்டில் நெட் மீட்டரிங். நான் கொடுக்கும் யூனிட், வாங்கும் யூனிட்டில் கழிந்துவிடுகிறது. பட்டறையில் நெட் ஃபீட்-இன். வாங்குவதற்கு யூனிட்டுக்கு ஏறத்தாழ 8 ரூபாய் கட்டுகிறேன், விடுமுறை நாளில் மிச்சமாகி வெளியே போகும் யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய்கூட வரவில்லை. அந்த மின்சாரம் பக்கத்துப் பட்டறைக்குத்தானே போகிறது? அவரிடம் 8 ரூபாய் வாங்குகிறார்களே? போதாததற்கு, கூரையில் தயாராகும் மின்சாரத்துக்கு நெட்வொர்க் கட்டணம் (மின்வாரியத்தின் கம்பிக்கான கூலி) வேறு. தொழிற்பேட்டைக்காரர்கள் சிலர் சேர்ந்து மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மனு எழுதப் போகிறோம். 'வாங்கும் விலையே விற்கும் விலையாகவும் இருக்க வேண்டும்' என்று கேட்பதாக எண்ணம். சரிதானா? எவ்வளவு கேட்டால் நியாயமாக இருக்கும்?"

அன்புள்ள ஐயா,

வணக்கம். வாங்கும் விலையையே விற்கும் விலையாகக் கேட்க வேண்டாம். ஆணையம் தள்ளிவிடும் என்ற அச்சத்தில் இதைச் சொல்லவில்லை. அந்தக் கோரிக்கையில் நியாயம் குறைவு. ஆனால் உங்கள் பக்கம் வலுவான நியாயம் வேறொன்று இருக்கிறது. அது நெட்வொர்க் கட்டணம். அதைக் கடிதத்தின் கடைசிப் பகுதியில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். மின்கட்டண மனுக்களைத் தயாரிப்பதும் படிப்பதும் என் தொழில். உங்கள் மனு அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் உங்கள் பட்டறைக் கணக்கைப் பார்ப்போம். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். உங்கள் 30 கிலோவாட்டுக்கு நாளுக்கு 120 யூனிட். ஆண்டில் 300 நாள் வேலை நடக்கிறது, அன்றைய மின்சாரம் முழுவதும் பட்டறைக்குள்ளேயே செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 36,000 யூனிட். அவற்றை 8 ரூபாய் கொடுத்து வாங்காமல் தப்பித்தீர்கள் என்றால் மிச்சம் 2,88,000 ரூபாய். ஞாயிறு, பொங்கல், தீபாவளி, ஆயுதபூஜை எல்லாம் சேர்ந்து விடுமுறை 65 நாள். அன்று வெளியே போவது 7,800 யூனிட். 3 ரூபாய் 40 காசு வீதம் கிடைப்பது 26,520 ரூபாய். நீங்கள் விரும்புகிற 8 ரூபாயே கிடைத்தால் 62,400 ரூபாய். ஆக, நீங்கள் சண்டையிட நினைக்கும் தொகை ஆண்டுக்கு 35,880 ரூபாய்.

இப்போது நெட்வொர்க் கட்டணத்துக்கு வாருங்கள். அது யூனிட்டுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பட்டறைக்குள்ளேயே தயாராகி உள்ளேயே செலவான 36,000 யூனிட்டுக்கு நீங்கள் கட்டுவது 36,000 ரூபாய். விற்கும் விலையில் நீங்கள் இழப்பதாக நினைக்கும் தொகையும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். விற்கும் விலையை ஏற்றச் சொல்லிக் கேட்டால், எதிர்த்தரப்பான மின்வாரியத்திடம் சொல்வதற்கு நல்ல பதில்கள் இருக்கின்றன. உள்ளே செலவான யூனிட்டுக்கு எதற்குக் கம்பிக் கூலி என்று கேட்டால், அவர்கள் திணறுவார்கள்.

விற்கும் விலைக்கு எதிராக என்ன பதில் வரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கட்டும் 8 ரூபாயில் மின்சாரத்தின் விலை ஒரு பகுதிதான். மீதி, கம்பத்துக்கும் கம்பிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் துணை மின்நிலையத்துக்கும், மழை நாளில் கம்பம் ஏறும் தொழிலாளியின் சம்பளத்துக்கும், வழியில் சூடாகி வீணாகும் இழப்புக்கும், மின்வாரியத்தின் பழைய கடனுக்கான வட்டிக்கும் போகிறது. கோயம்பேட்டில் விடியற்காலையில் தக்காளி விற்கும் விலையும், அதையே அம்பத்தூர் தெருவில் வண்டிக்காரர் விற்கும் விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் பக்கத்துப் பட்டறைக்குத்தான் போகிறது என்பது உண்மையே. ஆனால் அது வாரியத்தின் கம்பி வழியாகப் போகிறது. மேகம் மறைத்த அடுத்த நிமிடமே அந்தப் பட்டறைக்கு வேறு எங்கிருந்தாவது மின்சாரம் கொடுக்கும் பொறுப்பும் வாரியத்திடம்தான் இருக்கிறது. அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்கவில்லை.

அப்படியானால் நியாய விலை எது? இந்தத் தொழிலில் உள்ளவர்களிடையே இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, தயாரிக்க ஆகும் செலவைக் கணக்கிட்டு, அதன் மேல் நியாயமான லாபம் சேர்த்து விலை வைப்பது. கடன் எவ்வளவு, சொந்த முதல் எவ்வளவு, வட்டி, தேய்மானம், 25 ஆண்டு ஆயுள் என்று கணக்குப் போடுவார்கள். தொடக்க காலத்தில் இது தேவைப்பட்டது. ஜெர்மனி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 20 ஆண்டுகளுக்கு விலையை உறுதிசெய்து கொடுத்ததால்தான் சூரியத் தகடு பெருமளவில் உற்பத்தியாகி உலகம் முழுவதும் மலிவானது. ஆனால் செலவு வேகமாக இறங்கும்போது இந்த முறை சுமையாகிவிடும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்ற ஒப்பந்தத்தோடு 2016-ல் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே ராஜஸ்தான் பாட்லாவில் ஏல விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. பழைய ஒப்பந்தத்தின் விலையோ இறங்கவில்லை.

இரண்டாவது வழக்கம், உங்கள் யூனிட் வந்ததால் வாரியத்துக்கு எந்தச் செலவு மிச்சமானது என்று பார்த்து, அதையே விலையாகக் கொடுப்பது. அமெரிக்கா 1978-ல் சிறு உற்பத்தியாளர்களுக்காகச் சட்டம் இயற்றியபோது இந்த அளவுகோலைத்தான் வைத்தது. என் சார்பும் இதன் பக்கம்தான். மிச்சத்துக்கு மேல் கொடுத்தால் அந்தச் சுமை சோலார் இல்லாதவர் தலையில் விழும். மிச்சத்துக்குக் கீழே கொடுத்தால் உங்கள் பணம் மற்றவர் பைக்குப் போகிறது. இரண்டும் தவறு.

இந்த மிச்சம் எல்லா நேரத்திலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான் முக்கியமான செய்தி. வாரியங்கள் மின்சாரம் வாங்கும் மின் சந்தையில், சூரியன் உச்சியில் நிற்கும் நேரத்தில் நாடு முழுவதும் சோலார் மின்சாரம் கொட்டுவதால் விலை இறங்குகிறது. சூரியன் சாய்ந்ததும், வீடுகளில் விளக்கும் குளிர்சாதனமும் ஓடத் தொடங்கும்போது, விலை ஏறி உச்சவரம்பைத் தொடும் நாள்கள் உண்டு. அந்த வரம்பு 2023 ஏப்ரல் முதல் யூனிட்டுக்கு 10 ரூபாய். தட்டுப்பாடான மாலையில் வாரியம் அந்த விலைக்கும் வாங்க வேண்டியிருக்கிறது.

ஞாயிறு மதியத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த நேரத்தில் வாரியம் வெளியிலிருந்து வாங்கினால் 3 ரூபாய் ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காக நான் வைக்கும் எண், ஆணையத்தின் எண் அல்ல. தூரத்து நிலையத்திலிருந்து கிளம்பி உயரழுத்தக் கம்பியிலும் தாழ்வழுத்தக் கம்பியிலும் அம்பத்தூர் வரை வருவதற்குள் 100-க்கு 12 யூனிட் வழியில் வீணாகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் தெருவில் 1 யூனிட் கொடுக்க அங்கே 1.14 யூனிட் வாங்க வேண்டும். 3 ரூபாய் இங்கே வந்து சேரும்போது 3 ரூபாய் 41 காசாகிறது. உங்கள் கூரையில் தயாராகும் யூனிட் அந்தத் தூரத்தைக் கடப்பதில்லை. ஆகவே உங்களுக்கு உரியது 3 ரூபாய் அல்ல, 3 ரூபாய் 41 காசு. நீங்கள் வாங்கிக்கொண்டிருக்கும் விலையும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. உங்களுக்கு இது கசக்கும். ஆனாலும் விடுமுறை நாள் மதியத்துக்கு இப்போதைய விலை பெரிய அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே கணக்கை வேலை நாள் மாலை 7 மணிக்குப் போட்டால் விடை தலைகீழாக மாறும். வெளியே 8 ரூபாய்க்கு வாங்குகிறார்கள் என்றால், உங்கள் வாசலில் அது 9 ரூபாய்க்கு மேல். அந்த நேரத்தில் யாராவது பேட்டரியிலிருந்து 1 யூனிட் கொடுத்தால், அவருக்கும் அதே மூன்றரை ரூபாய்தான் என்று சொல்வது நியாயமே அல்ல. எல்லா நேரத்துக்கும் ஒரே விலை வைப்பதில் உள்ள குறை இதுதான். மதியத்துக்குச் சரியாக இருக்கும் விலை, மாலையில் கொடுக்கக்கூடியவரை விரட்டிவிடுகிறது. 2023 ஜூன் மாதத்தில் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, சூரிய நேரத்தில் வாங்கும் விலை வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லியது. வாங்கும் விலைக்கு நேரம் பார்க்கும்போது விற்கும் விலைக்கும் பார்ப்பதே முறை. மனுவில் இதைத் தயங்காமல் எழுதுங்கள்.

நேரம் போலவே இடமும் கணக்கில் சேர வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் தொழிற்பேட்டையில் மோட்டார்களும் கம்ப்ரஸர்களும் ஓடும் நேரம் பகல். அங்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் திணறுவதும் பகலில்தான். வேலை நாளில் உங்கள் கூரை 20 கிலோவாட், 25 கிலோவாட் கொடுக்கும்போது அந்த டிரான்ஸ்ஃபார்மரின் பாரம் அந்த அளவுக்குக் குறைகிறது. பேட்டையில் இன்னும் பத்துக் கூரைகள் இப்படி வந்தால், டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கும் செலவு சில ஆண்டுகள் தள்ளிப்போகும். அது உண்மையான மிச்சம். வில்லிவாக்கத்தில் நிலைமை வேறு. கோடையில் அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி நிற்பது இரவு 10 மணிக்கு, எல்லாப் படுக்கையறையிலும் ஏசி ஓடும்போது. அப்போது மாடியில் இருக்கும் தகட்டால் எந்தப் பயனும் இல்லை. ஒரே ஊரில், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு கூரைகள் வாரியத்துக்கு மிச்சப்படுத்தும் தொகை ஒன்றல்ல. ஆனால் இன்று வில்லிவாக்கம் கூரைக்குத்தான் அதிக மதிப்புக் கிடைக்கிறது.

எவ்வளவு அதிகம் என்று பார்க்கலாம். 2024 ஜூலையில் ஆணையம் அறிவித்த வீதப்படி, முதல் 100 யூனிட் தவிர மற்ற அரசு மானியத்தைக் கழிக்காமல், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை 4 ரூபாய் 80 காசு, 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, 1,000 வரை 10.70. கோடையில் உங்கள் வீடு இரண்டு மாதத்தில் 1,000 யூனிட் செலவழித்தால் சோலார் இல்லாமல் 7,010 ரூபாய் ஆகியிருக்கும். 3 கிலோவாட் தரும் 720 யூனிட் கழிந்து மீதி 280 என்றால் அந்த வீதப்படி 864 ரூபாய். மிச்சம் 6,146 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு எட்டரை ரூபாய். மதியம் கொடுத்ததை இரவு 10 மணிக்குத் திருப்பி வாங்கிக்கொண்டதற்கும் சேர்த்துத்தான் இந்த எட்டரை ரூபாய். எவ்வளவு பயன்படுத்தினாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணமும் வீட்டு இணைப்புகளுக்கு 2022 செப்டம்பர் முதல் நீக்கப்பட்டுவிட்டது. பில்லை முழுவதும் பூஜ்யமாக்கிவிடும் வீடு, இரவெல்லாம் பயன்படுத்தும் கம்பத்துக்கும் கம்பிக்கும் ஏறக்குறைய ஒன்றும் கொடுப்பதில்லை.

அதை யார் கொடுக்கிறார்கள்? கூரை இல்லாதவர். கண்ணகி நகரிலும் வியாசர்பாடியிலும் அடுக்குக் குடியிருப்பில் வசிப்பவருக்கு மொட்டை மாடியில் உரிமை இல்லை. மூன்று தகடு வைக்க இடமும் இல்லை, முதலும் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கும் அதே நிலைதான். இலவச யூனிட்டைத் தாண்டிய பிறகு அவர்கள் கட்டும் பணத்தில் உங்கள் வீட்டுக் கம்பத்தின் பங்கும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, அல்லது அரசு மானியமாக எல்லோருடைய வரியிலிருந்தும் வருகிறது. இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. சிறிய வீடுகளுக்கு நெட் மீட்டரிங் இன்னும் சில ஆண்டுகள் தொடரட்டும் என்றே நான் நினைக்கிறேன். கணக்கு எளிது, மக்களுக்குப் புரிகிறது, நம்பிக்கை வருகிறது. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் நடுத்தரக் குடும்பங்கள் இப்போதுதான் தகட்டின் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் அந்த எட்டரை ரூபாயைக் காட்டி, "வீட்டுக்கு உண்டே, பட்டறைக்கும் கொடு" என்று வாதாடினால், அது வீட்டுச் சலுகையைப் பறிக்கத்தான் வழிகாட்டும்.

வாரியத்தின் தரப்பிலும் சரியில்லாத ஒப்பீடு ஒன்று அடிக்கடி வரும். "குஜராத்தில் 2020-ல் 1 ரூபாய் 99 காசுக்கே ஏலம் போனது, கூரைக்காரருக்கு எதற்கு அதற்கு மேல்?" என்பார்கள். அது குஜராத்தில், நிலையத்தின் வாசலில் கிடைக்கும் விலை. மின்கடத்துக் கட்டணம், வழி இழப்பு, பிறகு சென்னைக்குள் பகிர்ந்தளிக்கும் இழப்பு எல்லாம் சேர்த்து உங்கள் தெருவில் என்ன விலைக்கு வருகிறது என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். இழப்பையும் மாநில சராசரியாக எடுக்கக் கூடாது. உயரழுத்த இணைப்பில் வாங்கும் பெரிய ஆலைகளையும் சேர்த்த சராசரி அது. கடைசித் தாழ்வழுத்தக் கம்பி வரை ஏற்படும் இழப்பு அதைவிட அதிகம். உங்கள் யூனிட் தவிர்ப்பது இந்தக் கடைசி வரையிலான இழப்பை. மனுவில் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் இது. காசுக் கணக்கில்தான் வித்தியாசம் வரும், ஆனால் 25 ஆண்டுகளுக்கு வரும்.

உங்களுக்குத் துணையாக இன்னொன்றும் இருக்கிறது. 2023 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, பகிர்மானக் கழகங்கள் தங்கள் மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும் என்று ஆண்டுவாரியாக இலக்கு வைத்தது. 2024-25-ல் 29.91, 2029-30-ல் 43.33. அதற்குள்ளேயே, 10 மெகாவாட்டுக்குக் குறைந்த பரவலான சிறு நிலையங்களுக்கென்று தனிப் பங்கு உண்டு. 2024-25-ல் 1.5 விழுக்காடு, 2029-30-ல் 4.5 விழுக்காடு. கமுதியோ பாட்லாவோ அந்தப் பங்குக்குக் கணக்கில் வராது. உங்களைப் போன்ற கூரைகள்தான் வரும். வாரியத்துக்கு இது சட்டப்படியான தேவை என்றால், அந்தத் தேவையை நிறைவேற்றித் தருவதற்கும் யூனிட் விலையில் ஓரிடம் இருக்க வேண்டும். எத்தனை காசு என்பதை ஆணையம் கணக்கிட்டுச் சொல்லட்டும். கணக்கிட வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

உள்ளூரில் இணைந்த சிறு உற்பத்திக்கு விலை அதிகமாக வைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் ஒரு பாடம். அங்கே பகிர்மானக் கம்பியில் நேரடியாக இணைந்த சிறு நிலையங்களுக்கு, குளிர்கால உச்ச நேரத்தில் ஓடினால் கிலோவாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 45 பவுண்டு வரை கிடைத்துவந்தது. பெரிய மின்கடத்துக் கம்பியின் செலவை அவை மிச்சப்படுத்துகின்றன என்பது காரணம். உண்மையில் மிச்சம் அதில் சிறு பகுதிதான். அந்தப் பணத்தை நம்பிப் பல இடங்களில் டீசல் எஞ்சின்கள் முளைத்தன. 2017-ல் ஒழுங்குமுறை அமைப்பு அதைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தது. கலிபோர்னியா 2023 ஏப்ரலுக்குப் பின் விண்ணப்பித்தவர்களுக்கு நெட் மீட்டரிங்கை நிறுத்திவிட்டு, வெளியே போகும் யூனிட்டுக்கு மணிக்கு மணி மாறும் விலையை வைத்தது. சராசரி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இறங்கியது. விற்பனையும் சரிந்தது. ஆனால் பழைய விதியில் சேர்ந்தவர்களுக்கு 20 ஆண்டு வரை பழைய கணக்கே என்று உறுதி கொடுத்தார்கள். அந்த உறுதியை நாமும் கேட்டுப் பெற வேண்டும். வங்கியில் கடன் வாங்கித் தகடு போட்டவருக்கு, விலை சிறிது குறைவாக இருப்பதைவிட இடையில் மாறுவதுதான் பெரிய ஆபத்து. காற்றாலை வைத்த திருப்பூர்க்காரர்களைக் கேளுங்கள். ஆடிக் காற்றில் கொடுத்த யூனிட்டைப் பின்னால் எடுத்துக்கொள்ளும் வசதியின் விதிகள் மாறியபோது ஆணையத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் அவர்கள் பல ஆண்டுகள் நடந்தார்கள்.

இனி நெட்வொர்க் கட்டணம். சூரியன் இருக்கும்போது தகட்டிலிருந்து இன்வெர்ட்டர், அங்கிருந்து உங்கள் போர்டு, அங்கிருந்து லேத் மோட்டார். இந்தப் பாதையில் வாரியத்தின் கம்பி ஓர் அடிகூட இல்லை. அந்த யூனிட்டுக்குக் கம்பிக் கூலி கேட்பதற்கு வாரியம் சொல்லும் காரணம், "நீங்கள் வாங்குவது குறைந்தாலும் உங்களுக்காகக் கம்பியைத் தயாராக வைத்திருக்கிறோமே" என்பது. காரணம் உண்மையானது. ஆனால் அதற்காகத்தான் அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கு ஏற்ப மாதந்தோறும் நிலைக் கட்டணம் கட்டுகிறீர்கள். 2022 செப்டம்பரில் சிறு தொழில்களுக்கு அந்த நிலைக் கட்டணம் எவ்வளவு உயர்ந்தது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தயாராக வைத்திருப்பதற்கு நிலைக் கட்டணத்திலும் வாங்கி, யூனிட் கணக்கில் மறுபடியும் வாங்கினால், ஒரே செலவுக்கு இரண்டு முறை வசூல். நிலைக் கட்டணம் போதவில்லை என்றால், போதாத தொகை எவ்வளவு என்று ஆணையத்தின் முன் கணக்கு வைக்கட்டும். 2023-ல் சிறு தொழில்களுக்கு நெட்வொர்க் கட்டணத்தில் பாதியைக் குறைப்பதாக மாநில அரசு அறிவித்தது. உங்கள் ரசீதில் அந்தக் குறைப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் மனுவுக்குக் காத்திருக்காமல் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள்.

வெளியே போகும் யூனிட்டுக்குக் கம்பிக் கூலி கேட்டால் மறுக்காதீர்கள். அது கம்பியைப் பயன்படுத்துகிறது. மீட்டரைத் தாண்டியதா இல்லையா என்ற ஒரே கோட்டில் நில்லுங்கள். உங்கள் வாதம் உறுதியாக இருக்கும்.

மனுவில் தொகை எதுவும் குறிப்பிட வேண்டாம். "8 ரூபாய் கொடு" என்று எழுதினால், 8 தப்பு என்று காட்டுவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். விலையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதை வரிவரியாக வெளியிடச் சொல்லுங்கள். சூரிய நேரத்துக்கும் மாலை உச்ச நேரத்துக்கும் வாங்கும் சராசரி விலை என்ன, தாழ்வழுத்தக் கடைசி முனை வரை இழப்பு எவ்வளவு, பகல் பாரம் மிகுந்த தொழிற்பேட்டை டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு மிச்சம் எவ்வளவு, சிறு நிலையப் பங்குக்கு எத்தனை காசு சேர்த்தார்கள் என்று கேளுங்கள். புதிதாகச் சேர்பவருக்கு ஆண்டுதோறும் விலை மாறட்டும். ஒப்பந்தம் போட்டவருக்கு அதன் காலம் முடியும் வரை மாறக் கூடாது. மின்சாரச் சட்டம், 2003-இன் 61-ஆம் பிரிவும் 86-ஆம் பிரிவும் கட்டணம் வைக்கும்போது புதுப்பிக்கத்தக்க ஆற்றலை ஊக்குவிக்க வேண்டும் என்றும் சொல்கின்றன, நுகர்வோர் நலனைக் காக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டுங்கள். தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் பேசுபவரைவிட, இரண்டு பக்கமும் பார்த்துப் பேசுபவரின் மனுவை ஆணையம் கவனமாகப் படிக்கும்.

மனுவுக்குப் பதில் வரும் வரை பட்டறையில் நீங்களே செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. வெளியே போகும் யூனிட்டுக்கு மூன்றரை, உள்ளே செலவானால் எட்டு. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் ஆள் இல்லாமலே ஓடக்கூடிய வேலை இருக்கிறதா பாருங்கள். பேட்டரி வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது, தண்ணீர்த் தொட்டி நிரப்புவது போன்றவை. ஆட்கள் சம்மதித்தால் பாதிப் பேருக்கு வார விடுப்பை வேறு நாளுக்கு மாற்றலாம். அவர்கள் குடும்பத்தோடு இருக்கும் நாள் அது என்பதால் கட்டாயப்படுத்த வேண்டாம். விடுமுறை யூனிட்டில் பாதியை உள்ளே திருப்பினாலே ஆண்டுக்கு 18,000 ரூபாய்க்கு நெருக்கமாகக் கிடைக்கும். தகடுகளை மேலும் கூட்டும் எண்ணம் இருந்தால் இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்வேன். பகல் கட்டணம் குறையும் காலம் வந்தால் உங்கள் 8 ரூபாய் மிச்சமும் அதோடு சேர்ந்து குறையும். அடுத்த முதலீட்டைப் பேட்டரியில் போடுவதா என்று அப்போது கணக்குப் பார்க்கலாம்.

கட்டணம் பற்றி ஆணையத்தின் வரைவு ஆணை வெளியானால் கருத்துச் சொல்ல நாள் குறித்திருப்பார்கள். தவறவிட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க நேரும். கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் ஆணையத்தின் அலுவலகத்துக்கு நேரிலும் கொடுக்கலாம். பொதுக் கருத்துக்கேட்பு நடத்தினால் ஒருவர் கட்டாயம் போய்ப் பேசுங்கள். மனுவோடு ஓர் ஆண்டு ரசீதுகளின் நகல், மாதவாரியாக இன்வெர்ட்டர் காட்டிய உற்பத்தி, இருதிசை மீட்டர் காட்டிய, வெளியே போன யூனிட், நிலைக் கட்டணமாகவும் நெட்வொர்க் கட்டணமாகவும் தனித்தனியே கட்டிய தொகை ஆகிய நான்கையும் ஒரே அட்டவணையில் சேர்த்து இணையுங்கள். பேட்டையில் சோலார் வைத்திருக்கும் மற்றப் பட்டறைக்காரர்களிடமும் இதே அட்டவணையை வாங்கி வையுங்கள். கையெழுத்திடுவதற்கு முன் ஒரு நகல் எனக்கு அனுப்பினால் கூட்டல் கழித்தலைச் சரிபார்த்துத் தருகிறேன்.